சுறா எண்ணெயும் ஒரு துண்டு ஈரலும்

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக என்னிடம் வேலை பழகிய பெண் இப்போது சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். போன மாதம் ஊருக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். ஈரல் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்க்கிறார்களாம். அந்தத் தட்டை ஆக்ஸிஜன் குறைந்த பெட்டிக்குள் வைத்து, நாம் சாப்பிடும் எண்ணெயிலும் மீனிலும் உள்ள கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கிறார்களாம். காற்றுப் போதாத நேரத்தில் சில கொழுப்பு அந்தச் செல்லுக்குத் தெம்பாகிறது, சிலது அதற்கே விஷமாகிறது என்று விளக்கினாள். பிறகு, "உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்ல மேடம்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் காலத்திலும் ஈரல் இருந்தது, புற்று இருந்தது, இதே கேள்வியும் இருந்தது. பெட்டிதான் இல்லை. அதைச் சொன்னதும், "அப்போ எழுதி வையுங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்க்கிற மாதிரி பெருமை பேசுகிற கதை அல்ல இது. நான் கெடுத்த காரியத்தின் கதை.

நான் ஏரல் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பெண். பள்ளி இறுதி முடித்து, மதுரையில் ஆய்வகப் பயிற்சி எடுத்து, எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். பயிற்சியில் படித்ததை முதல் மூன்று மாதத்திலேயே மறந்துவிட்டேன். மீதி எல்லாம் டாக்டர் சிவஞானத்திடம் கற்றது. அவர் எங்கள் நோய்க்குறியியல் டாக்டர். ஆய்வகம் என்பது அவரும் நானும் ஒரு மைக்ராஸ்கோப்பும் மட்டுமே.

அவர் யாரையும் திட்டமாட்டார். அதுதான் அவரிடம் பயமே. நான் சேர்ந்த புதிதில் கண்ணாடியில் தடவிய ஒரு ரத்தப் பூச்சில் மலேரியா இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பாருங்க" என்றார். பார்த்தேன். இல்லை என்றேன். "இன்னொரு தடவை பாருங்க." எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரே ஒரு கிருமியைக் கண்டுபிடித்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு மறந்திருப்பேன். அந்த நிற்பு இன்றுவரை என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு பித்து உண்டு. ஈரல் புற்று. ஒரு நாள் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி, ஊசி முனையால் இடம் காட்டினார். கட்டிக்குள் ரத்தக் குழாய் ஓடுகிற இடத்தில் செல்கள் கொழுகொழுவென்று இருந்தன. குழாயை விட்டு வெகுதூரம் தள்ளிப்போனால் எல்லாம் செத்து வெளுத்துக் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசை.

"இந்த வரிசையப் பாருங்க. ரத்தம் எட்டல, அப்போ காத்தும் எட்டாது. செத்திருக்கணும். சாகல. எதைத் தின்னுட்டு உயிரோட இருக்குது?" என்று கேட்டார்.

அந்த வரிசைச் செல்களுக்குள் வட்ட வட்டமாக வெற்றிடங்கள் தெரிந்தன. அங்கே கொழுப்புத் துளி இருந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். அப்படியென்றால், மனிதன் சாப்பிடுகிற எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டா? மீனெண்ணெய்க்காரனுக்கு ஒரு மாதிரி, தேங்காய் எண்ணெய்க்காரனுக்கு ஒரு மாதிரி இருக்குமா? இதைத்தான் அவர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது. உடம்பிலிருந்து எடுத்த துண்டை முதலில் ஃபார்மலினில் போடுவோம். அழுகாது. அப்புறம் ஆல்கஹால், பிறகு சைலீன், கடைசியில் உருக்கிய மெழுகு. மெழுகுக் கட்டி இறுகியதும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். இதில் ஒரு குறை. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். கொழுப்பையே பார்க்க வேண்டுமானால் துண்டை ஃபார்மலினோடு நிறுத்தி, உறைய வைத்துச் சீவ வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு பழைய கருவி இருந்தது. கரியமிலவாயுவைப் பீய்ச்சினால் துண்டின் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும்; அந்த நொடியில் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிக் குச்சியால் அள்ளி, சுடான் என்ற சாயத்தில் போட வேண்டும். கொழுப்பு இருந்தால் செக்கச்சிவந்து நிற்கும். வாயு சிலிண்டர் சோடாக் கம்பெனியிலிருந்து வரவேண்டும். அவர்களுக்கு வியாபாரம் போக மிஞ்சினால்தான் எங்களுக்கு.

மிக்கேல் என்பவர் வார்டில் வந்து சேர்ந்தது அப்போதுதான். சங்கு குளிக்கிறவர், கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். முத்துக்குளிப்பு நின்று பல வருடம் ஆகியிருந்தது. சங்குதான் அவர்களுக்குப் பிழைப்பு. வயது முப்பத்தைந்துக்குள். நெஞ்சு மட்டும் அகலமாக இருந்தது, கைகாலெல்லாம் குச்சி. வலது விலாவுக்குக் கீழே தேங்காய் அளவுக்குக் கட்டி. கண் மஞ்சள். பார்த்த உடனேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும் கூட.

அவர் மனைவி ரோசம்மாள் ஆண் டாக்டர்களிடம் வாய் திறக்கமாட்டாள். அதனால் சாப்பாட்டு விவரம் கேட்டு எழுதி வரச்சொல்லி என்னை அனுப்பினார் டாக்டர். இடுப்பில் கைக்குழந்தை, ஐந்து வயதில் மூத்த மகன் ஒருவன் வீட்டில் பாட்டியிடம். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன மீன், என்ன எண்ணெய், குடி உண்டா. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சுறா ஈரல் எண்ணெய் குடுத்தேன்க்கா. வெறும் வயித்துல தெனமும் ஒரு மடக்கு. அதக் குடிச்சா தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் மூச்சு நிக்கும்னு எங்க ஆளுக சொல்லுவாக."

"எப்போதிலிருந்து?"

"அவுகளுக்கு முன்ன மாதிரி மூச்சு நிக்கலன்னு சொன்ன பெறகுதாங்க்கா. சங்குக் காலம் பாதியில, ரெண்டு மூணு மாசம் இருக்கும். மத்தவுக கூடையோட ஏறி வாராக, இவுக வெறுங்கையோட ஏறி வந்து வள்ளத்துல படுத்துக்கிடுவாக. நாந்தான் எண்ணெய் வாங்கி ஊத்துனேன்."

எல்லாவற்றையும் என் கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். எழுந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"எக்கா, என் மாமியா சொல்லுதா, நீ எண்ணெய் ஊத்தி ஊத்திதான் எம்புள்ளை ஈரல் வீங்கிச்சுன்னு. அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா என்னய வீட்ட விட்டு பஸ் ஏத்திருவா. மவனத் தரமாட்டா. எண்ணெயாலதானாக்கா?"

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். டாக்டரிடம் எண்ணெய் விவரத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை வருடம் அவர் கேட்ட கேள்வி ஆள் உருவில் வந்து படுத்திருந்தது. அந்த ஆர்வத்தைப் பார்த்துக்கொண்டு மாமியார் மருமகள் சண்டையை எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மிக்கேல் இறந்துபோனார். இறந்தவர் ஈரலில் ஒரு துண்டு எடுக்க வீட்டார் சம்மதம் வேண்டும். எங்கள் பக்கம் யாரும் கொடுக்கமாட்டார்கள். மிக்கேலின் தாயார் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைய அறுக்கவா குடுக்கணும்?" என்று அலறினாள். ரோசம்மாள்தான் அத்தனை பேருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"எடுத்துக்கிடுங்க சார். பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

அதைச் சொல்ல அவளுக்கு என்ன தைரியம் வேண்டியிருந்திருக்கும்! புருஷன் உடம்பை அறுக்கக் கொடுத்தாள் என்ற பழியும் அன்றைக்கே அவள் தலையில் ஏறிவிட்டது.

டாக்டர் இரண்டு துண்டு எடுத்தார். ஒன்று வழக்கமான வழிக்கு. இன்னொன்றைத் தனிச் சீசாவில் ஃபார்மலினில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போட்டு, என் கையில் கொடுத்தார். "இது ஆல்கஹால் பக்கமே போகக்கூடாது" என்றார். சரி சார் என்றேன்.

அந்த வாரம் சித்திரைத் திருவிழா. ஊரில் உள்ள சோடா எல்லாம் திருவிழாவுக்குப் போயிற்று. சிலிண்டர் நாளை வரும், நாளை வரும் என்றார்கள். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது.

எனக்கு ஒரு கைப்பழக்கம் இருந்தது. ஃபார்மலினில் இரண்டு நாளுக்கு மேல் எந்தத் துண்டும் கிடக்க விடமாட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது அலமாரியில் நிற்கும் சீசாக்களை எல்லாம் வரிசையாகத் திறந்து ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுத்தான் போவேன். என் மேசை சுத்தமாக இருக்கிறதென்று எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதில் கர்வம். இரண்டாம் நாள் சாயங்காலமும் மாற்றினேன். ஏரலுக்குப் போகிற பஸ் நினைப்பில் கை பாட்டுக்கு மாற்றிக்கொண்டே போயிற்று. மறுநாள் காலையில் வழக்கம்போலச் சைலீன், பிறகு மெழுகு. ஒரு துண்டைக்கூடத் தனியாகப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் சிலிண்டர் வந்தது. டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கருவி முன்னால் நின்றார். "அந்தச் சீசா" என்றார். அலமாரியைத் திறந்தேன். சீசா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான்தான் கழுவியிருந்தேன். சீட்டு மெழுகுக் கட்டிக்குள் இருந்தது. பென்சில் எழுத்து அப்படியே தெரிந்தது.

மெழுகுக் கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். பிறகு, "சீவுங்க" என்றார். சீவினேன். மூன்று தடவை கிழிந்தது. சாயம் ஏற்றிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஓட்டை இருக்கு. நிறைய இருக்கு. உள்ள என்ன இருந்துச்சுன்னு இனிமே தெரியாது. தெரியாதுன்னே எழுதுவோம்" என்றார். அவ்வளவுதான். சிலிண்டரைச் சோடாக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அதன் பிறகு நான் அவர் கண்ணில் படாமல் வேலை பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவர் உள்ளே வந்தால் நான் கழுவுகிற இடத்துக்குப் போய்விடுவேன். கேட்டதற்கு மட்டும் பதில். பழையபடி, "சார், இன்னொண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கிற வாய் எனக்குப் போய்விட்டது. ரோசம்மாளின் மாமியார் சொன்னதைச் சொல்லாமலே விட்டது அதனால்தான். வேறு காரணம் எதுவும் நான் தேடிக்கொள்ளமாட்டேன்.

ரோசம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கறுப்புச் சேலை. "முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவாக. அன்னைக்கு என்னய ஏத்துறதா பேச்சு. உங்க டாக்டர் எழுத்து ஒண்ணு இருந்தா எங்க கோயில் உபதேசியார் வாசிப்பாக" என்றாள். நான் டாக்டரிடம் போய், அந்த வீட்டார் ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. ஈரல் புற்றுநோய் என உறுதிசெய்யப்பட்டது, காரணம் தெரியவில்லை என்று இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முப்பதாம் நாள் நானே கொண்டுபோனேன். கடற்கரைத் தெருவில் ஓட்டு வீடு. வாசலில் இருபது பேர் இருந்தார்கள். ரோசம்மாள் கதவை ஒட்டி நின்றாள். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துத் தமிழில் சொன்னார்.

மிக்கேலின் தாயார் முழுவதையும் கேட்டாள். பிறகு, "காரணம் தெரியலன்னுதான எழுதியிருக்கு? எண்ணெய் இல்லன்னு எழுதலியே?" என்றாள். உபதேசியார், இல்லை, அப்படி எழுதவில்லை என்றார். கிழவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, நீ படிச்சவ. நீதான துண்டப் பாத்த. எண்ணெய் இல்லன்னு நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். ரோசம்மாள் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் மெழுகுக் கட்டியும் அதற்குள் சீட்டும்தான் நின்றன. துண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அதைக் கெடுத்தது நான் என்று வந்துவிடுமோ என்று பயந்தேன். "எங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே கைக்குழந்தையோடு ரோசம்மாளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மகனை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, வருடக் கடைசியில், டாக்டர் பழைய ஈரல் கேஸ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிக்கேலின் தாள் வந்தபோது, "அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் சொன்னது, முப்பதாம் நாள், மகனைப் பிரித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் கையெழுத்தில் இருந்த தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தேன். மூச்சு நிற்காமல் போன பிறகு எண்ணெய் கொடுக்கத் தொடங்கியதாக எழுதியிருந்தது.

"ஏன் மூச்சு நிக்காம போச்சு? கட்டி ஏற்கனவே வளந்து மேல நெஞ்சுப் பக்கம் முட்டிட்டு இருந்தது. தேங்காய் அளவு கட்டி ரெண்டு மூணு மாசத்துல வராது. எண்ணெய் அதுக்குத் தீனி போட்டுதா இல்லையாங்கறது என் கேள்வி. அது எனக்குத் தெரியாது, துண்டு நல்லா இருந்திருந்தாலும் ஒண்ணை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த அம்மா கேட்டது அது இல்லையே. அவங்களால நோய் வந்துச்சான்னு கேட்டாங்க. வரல. இதுக்கு ஸ்லைடே வேண்டாம், லட்சுமி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நாங்கள் மைக்ராஸ்கோப்பே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாளைத் தேடிப் போனேன். திருச்செந்தூர் வரை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு நின்றுகொண்டே போய், அங்கிருந்து தெற்கே இன்னொரு பஸ். கடலோரத்தில் அவள் அண்ணன் வீடு. பின்புறம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாய் போட்டாள். நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைக் கெடுத்தது நான் என்றும் சொன்னேன். உன்மேல் தப்பே இல்லை, நோய் முந்தி, எண்ணெய் பிந்தி, டாக்டரே எழுதித் தருகிறார், இப்போதே வா, உன் மாமியாரிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

அவள் கருவாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இனி வேண்டாங்க்கா. ஆறு மாசம் மவனக் கண்ணுல காட்டல. கடைசியில நானே போயி, அன்னைக்கு இருந்த அத்தன பேருக்கும் முன்னால மாமியா கால்ல விழுந்து, நாந்தான் எண்ணெய் ஊத்திக் கொன்னேன்னு ஒத்துக்கிட்டேன். சாமியார்ட்டயும் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. அப்படிச் சொன்ன பெறகுதான் மாசம் ஒருக்கா புள்ளையப் பாக்க விடுதா. இப்ப இல்லன்னு போயி நின்னா, பொய் சொல்லிப் புள்ளையப் பாத்தேன்னு அதையும் நிறுத்திருவா."

"நான் சொல்றேன், ரோசம்மா. நான் வந்து—"

"அன்னைக்கும் வந்தியளேக்கா" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "அங்கனதான நின்னிய. என் மாமியா உங்கள்ட்டதான கேட்டா."